இருட்டைக் கெடுக்காத வெளிச்சம்

(சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் வந்து, மறுநாள் இலுப்பைக்கடவையில் உறவினர் வீடுகளில் தங்கிய தோட்டக் குடும்பங்களுக்கு மாலையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம். லயத்திலிருந்து வர முடியாதவர்களும் செய்து பார்க்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)



நேற்று இரவு முழுக்கக் கண் விழித்தீர்கள். இன்றைக்கும் கொஞ்ச நேரம் விழித்திருங்கள் என்று கேட்க எங்களுக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அமாவாசை, நிலா இல்லை. இப்படியொரு இருட்டும், கடல் வரைக்கும் மறைப்பில்லாத வானமும் சேர்ந்து கிடைப்பது தோட்டத்துச் சனங்களுக்கு லேசில் வாய்க்காது. மலையில் நமக்கு வானம் ஒரு துண்டாகத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் மூடுபனி. இங்கே மன்னார் பூநகரி வீதியில், மாந்தை மேற்கில், மேற்கே கடல், கிழக்கே வயலும் காடும். வானம் தரையில் வந்து தொடுவதைப் பார்க்கலாம்.

அதைச் சரியாகப் பார்க்க ஒரு சின்னச் சாமான் வேண்டும். சிவப்பு டோர்ச். கடையில் வாங்கத் தேவையில்லை. பொழுது இருட்டுவதற்குள் இங்கேயே செய்துவிடலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

வெள்ளை வெளிச்சம் என்ன செய்கிறது?

ராத்திரியில் நல்ல வெளிச்சமுள்ள காம்பராவிலிருந்து இஸ்தோப்புக்கு வந்தவுடன் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றால் வாசல் தெரியும், பீலிக்குப் போகிற பாதை தெரியும். இன்னும் நின்றால் மலையின் விளிம்பு தெரியும், பிறகு வானத்தில் ஒவ்வொரு நட்சத்திரமாக முளைக்கும். நட்சத்திரம் அப்போதுதான் வந்ததா? இல்லை. நம் கண்தான் அப்போது தயாரானது.

கண்ணின் உள்திரையில் இரண்டு வகை உயிரணுக்கள் இருக்கின்றன. ஒன்று கூம்பு வடிவமானது. அது பகலுக்கானது, நிறம் பார்க்கும், எழுத்துப் படிக்கும். மற்றது குச்சி வடிவமானது. அது இரவுக்கானது, நிறம் தெரியாது, ஆனால் மிகக் குறைந்த வெளிச்சத்தையும் பிடித்துவிடும். ஒரு கண்ணில் கூம்புகள் சுமார் 60 இலட்சம், குச்சிகள் சுமார் 12 கோடி. அந்தக் குச்சிகளுக்குள் ரொடொப்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது கலைந்துவிடும். இருட்டில்தான் மறுபடி ஊறும். நன்றாக ஊற 20 முதல் 30 நிமிடம் வேண்டும்.

இப்போது விஷயம் விளங்குகிறதல்லவா? அரை மணி நேரம் இருட்டில் காத்திருந்து கண் பழகிய பிறகு, யாராவது "அங்க பாருங்க" என்று முகத்துக்கு நேரே டோர்ச் அடித்தால், காத்திருந்த அரை மணியும் வீண். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். போனைத் திறந்து மணி பார்த்தாலும் அதே கதைதான்.

சிவப்பு மட்டும் ஏன்?

இருட்டில் படம் பார்க்க, பாதை பார்க்க, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வெளிச்சம் வேண்டும். அதே நேரம் அந்த 12 கோடிக் குச்சிகளும் அதை வெளிச்சம் என்று உணரக் கூடாது. அதற்குச் சிவப்புத்தான் வழி. குச்சி உயிரணுக்களுக்கு நீலப்பச்சை நிறம் நன்றாகத் தெரியும். ஆழ்ந்த சிவப்பு அநேகமாகத் தெரியவே தெரியாது. கூம்புகளுக்கோ சிவப்பு தெரியும். ஆகவே மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் கூம்புகள் எழுத்தைப் படிக்கும். குச்சிகள் இன்னும் இருட்டில்தான் இருக்கிறோம் என்று இருந்துவிடும்.

இதை நீங்கள் லயத்து வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். வேலியில் செம்பரத்தை நிற்கிறதே, பகலில் இலையை விடப் பூதான் பளிச்சென்று தெரியும். அந்தி சாய்ந்து, வெளிச்சம் நன்றாகக் குறைந்தபின் போய்ப் பாருங்கள். பூ கறுத்துப்போயிருக்கும். இலை அதைவிட வெளிறித் தெரியும். பூ மாறவில்லை. உங்கள் கண் பகல் வேலையை விட்டு இரவு வேலைக்கு மாறியிருக்கிறது. 1800களின் முற்பகுதியில் யான் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயரில்தான் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

இது வானம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் உதவிய சங்கதி அல்ல. அந்தக் காலத்தில் எக்ஸ்றே மருத்துவர்கள் இருட்டறையில் மிக மங்கலான திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் இருட்டில் உட்கார யாருக்கு நேரம்? 1916இல் ஜெர்மனிய விஞ்ஞானி வில்ஹெல்ம் ட்ரெண்டலன்பர்க் அவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நடமாடலாம், இருட்டறைக்குள் போய்க் கழற்றினால் கண் தயார். இரண்டாம் உலக யுத்தத்தில் இரவில் பறக்கும் விமானிகளும் அதே மாதிரிக் கண்ணாடி போட்டார்கள்.

செய்யும் முறை: ஒன்று

வீட்டில் இருக்கிற எந்த டோர்ச்சும் போதும். சிவப்புக் கண்ணாடித்தாள் வேண்டும். வெசாக் கூடு கட்ட விற்கிறார்களே, அதே தாள். பரிசுப் பொட்டலம் சுற்றி வந்த தாளும் சரி, டொபி சுற்றி வந்ததும் சரி. ஒரு ரப்பர் பேண்ட், ஒரு துண்டு வெள்ளைக் கொப்பித் தாள். அவ்வளவுதான்.

முதலில் டோர்ச்சின் முகக் கண்ணாடியைக் கழற்றி, அதே அளவுக்கு வட்டமாகக் கொப்பித் தாளை வெட்டி உள்ளே வையுங்கள். வெளிச்சம் ஓரிடத்தில் குத்தாமல் பரவி, மங்கும். கண்ணாடி கழலாத டோர்ச் என்றால் வெளியே வைத்தும் கட்டலாம். அதன் மேல் சிவப்புத் தாளை இரண்டாக மடித்துப் போர்த்தி, ஓரத்தை இழுத்து ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். பக்கவாட்டில் எங்கேயாவது வெள்ளை வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள்.

பழைய குமிழ் பல்ப் டோர்ச்சுக்கு இரண்டு மடிப்பே அநேகமாகப் போதும். அந்த பல்ப்பின் வெளிச்சமே மஞ்சள் கலந்தது. இப்போது கடையில் வரும் எல்.இ.டி. டோர்ச் அப்படி இல்லை. அதன் வெள்ளைக்குள் நீலம் நிறைய இருக்கிறது. இரண்டு மடிப்புக்குள்ளிருந்தும் அது எட்டிப் பார்க்கும். அதற்கு நாலு மடிப்பு, தேவைப்பட்டால் ஆறு. போனில் இருக்கும் டோர்ச்சுக்கும் இதே கணக்கு.

செய்யும் முறை: இரண்டு

தாள் கிழிந்துகொண்டே இருக்கிறது என்கிறவர்களுக்குச் சிவப்பு நகப்பூச்சு. டோர்ச்சின் முகக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. சூடாகும் குமிழ் பல்ப்பின் மேல் நேரடியாகப் பூசாதீர்கள். இன்னொன்று, நகப்பூச்சு தீப்பிடிக்கிற சாமான். குப்பி லாம்பு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலை செய்யக் கூடாது. இஸ்தோப்பில், காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

செய்யும் முறை: மூன்று

இது ஓ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு. தாளும் பூச்சும் வெள்ளை வெளிச்சத்தை வடிகட்டுகின்றன. அதைவிட, பிறக்கும்போதே சிவப்பாகப் பிறக்கிற வெளிச்சம் நல்லது. ரேடியோ திருத்தும் கடையில் சிவப்பு எல்.இ.டி. ஒன்று கேளுங்கள். உடைந்த விளையாட்டுச் சாமானிலிருந்தும் எடுக்கலாம். கூடவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பென்டோர்ச் பெட்டரி இரண்டு.

கணக்கு இதுதான். இரண்டு பெட்டரியும் சேர்ந்து 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 1 வோல்ட். அதை 100 ஓமால் வகுத்தால் 0.01 அம்பியர், அதாவது 10 மில்லி அம்பியர். எல்.இ.டி. தாங்கும். படம் பார்க்க அதுவே அதிகம் என்றால் 220 ஓம் போடுங்கள், பாதிக்கும் கீழே இறங்கும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் எல்.இ.டி. எரிந்துபோகலாம். எல்.இ.டி.யின் நீண்ட கால் பெட்டரியின் கூட்டல் பக்கத்துக்கு, குட்டைக் கால் கழித்தல் பக்கத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் எரியாது, திருப்பிப் போட்டால் சரி. ஈயம் ஒட்டத் தெரியாவிட்டால் கம்பியை முறுக்கி டேப் சுற்றினாலும் போதும். ஒரு பழைய சோப்புப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கலாம். இது குடிக்கிற மின்சாரம் மிகக் கொஞ்சம் என்பதால், நல்ல பெட்டரி போட்டால் மாதக்கணக்கில் வரும்.

சரியாக வந்திருக்கிறதா?

செய்த டோர்ச்சைப் பரீட்சை பார்க்க வேண்டாமா? வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனையால் உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் நீலப் பேனையாலும் எழுதுங்கள். இருட்டில் புது டோர்ச்சை அடித்துப் பாருங்கள். நீல எழுத்து கறுப்பாகத் தெரிய வேண்டும். சிவப்பு எழுத்து காணாமல் போக வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு, எழுத்தும் சிவப்பு. அதனால் எழுத்து மறைந்துவிடும். சிவப்பு எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறதென்றால் வேறு நிறமும் கசிகிறது என்று அர்த்தம். இன்னொரு மடிப்புப் போடுங்கள். இதிலிருந்து ஒரு பாடமும் உண்டு. நட்சத்திரப் படம் வரைகிற பிள்ளைகள் சிவப்புப் பேனை தொட வேண்டாம். பென்சில்தான் நல்லது.

இரண்டாவது பரீட்சை வானத்தில். கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுங்கள். மீனவர்கள் ஆறாமீன் என்பார்கள். கண் பழகினால் ஆறு தெரியும். பிறகு சிவப்பு டோர்ச்சால் ஒரு நிமிடம் படம் பாருங்கள். மறுபடி எண்ணுங்கள். அதே எண்ணிக்கை வந்தால் டோர்ச் தேறிவிட்டது. குறைந்துவிட்டால் வெளிச்சம் அதிகம். சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது. எழுத்துத் தெரிகிற அளவுக்கு மேல் ஒரு பொட்டு வெளிச்சமும் இருக்கக் கூடாது.

மறக்கக் கூடாத மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பிள்ளைகள் நன்றாகக் கேளுங்கள். இந்தச் சிவப்புத் தாளை எத்தனை மடிப்பு மடித்தாலும் அதற்குள்ளால் சூரியனைப் பார்க்கக் கூடாது. கிரகணத்தன்றும் கூடாது, வேறு எந்த நாளும் கூடாது. 2010 ஜனவரி 15ஆம் திகதியும் 2019 டிசம்பர் 26ஆம் திகதியும் இந்த வடபகுதியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. இனியும் கிரகணங்கள் வரும். சிவப்புத் தாள் சூரியனின் வெளிச்சத்தை நமக்குக் குறைத்துக் காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சூட்டுக் கதிர் அதன் வழியே உள்ளே போகும். கண்ணில் வலியே இல்லாமல் பார்வை போய்விடும். போன பார்வை திரும்பாது. சிவப்பு டோர்ச் இரவுக்கு மட்டும்.

இரண்டாவது, சிவப்பு வெளிச்சம் பார்க்கத்தான், நடக்க அல்ல. இங்கே முத்திரைப் புடையன் உண்டு. தோட்டத்தில் கானுண்டு, வழுக்கல் படியுண்டு, அட்டையுண்டு, சில மலைகளில் சிறுத்தையும் உண்டு. நடக்கும்போது வெள்ளை டோர்ச். உட்கார்ந்த இடத்தில் சிவப்பு டோர்ச். இரண்டும் கையில் இருக்கட்டும். இங்கே கரைக்குப் போகும்போது ஊர்க்காரர் நடக்கிற பாதையிலேயே நடங்கள்.

மூன்றாவது, தனியாகப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். பொம்பிளைப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஆம்பிளைப் பிள்ளைகள் மட்டும் போவதும் கூடாது. அம்மாமார் சேர்ந்து வந்தால் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். ராத்திரி என்றாலே பயம் என்று நம் பெண் பிள்ளைகள் வளர்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. எங்களுக்கு அது தெரியும். அந்தப் பயத்தைப் பேச்சால் போக்க முடியாது. நாலு பேர் கூட உட்கார்ந்து, நிம்மதியாக இருட்டைப் பார்க்கிற ஒரு இரவு கொஞ்சம் போக்கும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால்?

இதைத் தாய்மார் குறிப்பாகக் கேட்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்த பிறகு, ஒரு பிள்ளை மட்டும் "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றால் அதட்டாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தூரப் பார்வைக் குறை. அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கரும்பலகையும் தெரியாமல் இருக்கலாம். படிப்பு ஓடவில்லை என்று அடி வாங்கும் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் படிப்பு ஓடிவிடுவது உண்டு.

மற்றது, மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும் பிள்ளை. நாம் சொன்ன ரொடொப்சின் என்ற பொருளை உடம்பு விட்டமின் ஏயிலிருந்துதான் செய்கிறது. அது சாப்பாட்டில் குறைந்தால் குச்சி உயிரணுக்கள் வேலை செய்யா. கவனிக்காமல் விட்டால் கண்ணின் கருவிழியே கெட்டுப்போகும். உடனே கிளினிக்குக்குக் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கலாம். முட்டை மஞ்சள் கரு, ஈரல், முருங்கைக் கீரை, பப்பாசி, கரட் எல்லாவற்றிலும் அந்தச் சத்துக்கு வழி இருக்கிறது. நுவரெலியாவில் விளையும் கரட் லொறி லொறியாக இறங்கிப் போகிறது. அதில் இரண்டு நம் சட்டியிலும் விழ வேண்டும். லயத்துப் பின்பக்கத்தில் ஒரு முழம் மண் இருந்தாலும் கீரை போடலாம்.

ஆக, இந்தச் சிவப்பு டோர்ச் வானத்தைக் காட்டுவதோடு, ஒரு பிள்ளையின் கண்ணையும் நமக்குக் காட்டிக் கொடுக்கலாம். இந்த ஒன்றுக்காகவாவது லயத்தில் ஒரு இரவு இதைச் செய்து பாருங்கள்.

இன்றைக்கு என்ன பார்க்கப் போகிறோம்?

ஏழரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். எட்டு, ஒன்பது மணிக்கு அண்ணாந்து பாருங்கள். உச்சியை ஒட்டி மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கும். அதற்குப் பக்கத்தில் சிவந்து தெரிவது திருவாதிரை. மூன்று நட்சத்திர வரிசையை மேற்கே நீட்டினால் ரோகிணி, இன்னும் தள்ளி ஆறாமீன். எதிர்ப் பக்கம் நீட்டினால் இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம், சிரியஸ். அதற்குக் கீழே, நேர் தெற்கில், கடலோரத்துக்காரர் அகத்தியர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அந்த நட்சத்திரம். பிரகாசத்தில் அது இரண்டாவது. இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நமக்குத் தெரியும்.

ஒன்பது பத்து மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறிவரும். வால் பக்கத்தில் நடு நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள், ஒட்டினாற்போல் ஒரு குட்டி நட்சத்திரம். அதுதான் கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததி. கல்யாணத்தன்று பகலில் ஐயர் கை காட்டிய திசையில் நாம் எல்லோரும் தலையாட்டினோம். இன்றைக்கு நிஜமாகவே பாருங்கள்.

வடக்கே துருவ நட்சத்திரம். கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால், தரையிலிருந்து அநேகமாக ஒரு பொத்திய கை உயரம். இலுப்பைக்கடவையில் அது 9 பாகை உயரத்தில் நிற்கிறது, நுவரெலியாவில் 7 பாகை. வடக்கே போகப் போக அது ஏறும். எந்த ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அகலாங்கு. தோட்டத்தில் அந்த உயரத்தை எதிர் மலை மறைத்துவிடும். அதனால்தான் நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. நடுச்சாமத்துக்குக் கிட்ட விழித்திருப்பவர்களுக்குத் தெற்கே, சற்றுக் கிழக்காக, சிலுவை போல நாலு நட்சத்திரம் எழும்.

ஒரு தந்திரம். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கண்ணின் நடு மையத்தில் குச்சி உயிரணுக்கள் இல்லை. கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். கள்ளப் பார்வை பார்க்கிற மாதிரி. உடனே தெரியும்.

இந்தக் கரையும் நாமும்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். இலுப்பைக்கடவை என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று சொல்கிறோமே, அந்த மரம். அதன் விதையில் ஆட்டிய எண்ணெயில்தான் கோயிலிலும் வீட்டிலும் விளக்கு எரிந்தது. கடவை என்றால் கடந்து போகிற இடம். விளக்கு மரமும் வழியும் சேர்ந்த பெயர்.

இந்த மன்னார்க் கரை நமக்கு வேற்றூர் அல்ல. நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து இறங்கியது தலைமன்னார், அரிப்புப் பக்கத்தில். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும் ரயிலும் ஓடத் தொடங்கின. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தங்கள் பெட்டி படுக்கையோடு திரும்பிப் போனதும் தலைமன்னார் வழியாகத்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, மன்னார் என்று குடியேறினார்கள். 200 ஆண்டு நிறைவை நினைத்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். அந்தப் பழைய பாதையை மறுபடி நடந்து காட்டினார்கள்.

முதலில் வந்தவர்களுக்குத் திசை காட்டப் படம் இல்லை, மணி காட்டக் கடிகாரம் இல்லை. வானம் இருந்தது. பிறகு தோட்டத்திலும் பிரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன் விடிவெள்ளியைப் பார்த்து எழும்பிய பாட்டிமார் இருந்தார்கள். அந்த விடிவெள்ளி உண்மையில் நட்சத்திரமல்ல, வெள்ளிக் கிரகம். சில மாதம் விடியலில் வரும், சில மாதம் அந்தியில் வரும். ஒரு சுற்று முடிய 584 நாள். இதெல்லாம் கொப்பியில் எழுதாத படிப்பு. அந்தப் பாட்டி போனால் அந்தப் படிப்பும் போய்விடும்.

1950இலிருந்து லக்சபானவில் நம் மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். ஊர் உலகமெல்லாம் வெளிச்சமானது. நம் லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்து ஆண்டுகள் குப்பி லாம்புதான் எரிந்தது. இப்போது நமக்கும் வெளிச்சம் வந்திருக்கிறது, வரட்டும். பிள்ளை படிக்க, பாதை தெரிய, பாம்பு தெரிய அது வேண்டும். வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் இருட்டில் இருந்த காலத்தில் நம்மிடம் ஒரு சொத்து இருந்தது. வெளிச்சம் வந்த அவசரத்தில் அதையும் சேர்த்துத் தொலைத்துவிடக் கூடாது. இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு துண்டுச் சிவப்புத் தாள் போதும் என்பதுதான் எங்கள் பேச்சு.

ஊருக்குத் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். லயத்துக்கு ஒரு சிவப்பு டோர்ச். மாசி, பங்குனியில் மலையில் பனி விழுகிற தெளிந்த இரவு வரும். அமாவாசையை ஒட்டி ஒரு சனிக்கிழமை, மறுநாள் பிரட்டு இல்லாத நாளாகப் பாருங்கள். இஸ்தோப்பு விளக்குகளை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லி அயல் காம்பராக்காரரிடம் தன்மையாகக் கேளுங்கள். படங்கை விரித்து, கம்பளி போர்த்தி உட்காருங்கள். தேத்தண்ணி ஒரு போத்தல். வயதான ஆத்தாவையோ தாத்தாவையோ நடுவில் உட்கார வையுங்கள். அவர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர்களை, கதைகளை, எந்த மாதம் எது வரும் என்ற கணக்கை, ஒரு பிள்ளை சிவப்பு வெளிச்சத்தில் பென்சிலால் எழுதட்டும். எழுதியதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் எல்லாத் தோட்டமும் படிக்கும்.

சரி, தாளும் ரப்பர் பேண்டும் இங்கே மேசையில் இருக்கின்றன. பிள்ளைகள் முதலில் வாருங்கள். இன்னும் அரை மணியில் பொழுது சாய்ந்துவிடும். போன்களை இப்போதே மடியில் வைத்துவிடுங்கள்.